நாய்த் தொல்லைக்குத் தள்ளுவண்டிகளா காரணம்?
சாலையோர உணவுக் கடைகளை அகற்றினால் தெருநாய்த் தொல்லை தானாகவே குறைந்துவிடும் என்று மாநகராட்சி விவாதத்தில் எழுந்த கருத்தை, தெருநாய்கள் பற்றிய இந்தக் கட்டுரையை எழுதியவர் அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மும்பை மாட்டுங்காவில் நான் குடியிருக்கும் தெருவில், தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுவந்து விற்பவர் உட்பட நான்கு வியாபாரிகள், வடிகால் பணிக்காகச் சாலை தோண்டப்பட்டிருந்த மூன்று மாதங்களும் வரவே இல்லை; ஆனால் நாய்களில் ஒன்றுகூட இடம் மாறவில்லை, ஏனெனில் அவை நம்பியிருந்தது இட்லிக்காரரை அல்ல, அடுக்குமாடிக் குடியிருப்புகள் மூடியில்லாத தொட்டியில் இரவில் கொட்டும் மிச்சச் சோற்றை (அவற்றில் எங்கள் குடியிருப்பும் ஒன்று என்பதை மறைக்க விரும்பவில்லை). மேலும், 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும்வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்பதும், அச்சட்டப்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதும் கட்டுரையில் இடம்பெறவே இல்லை. நாய்களுக்கு உணவிடுவதையே தடை செய்ய வேண்டும் என்று மேலே பின்னூட்டத்தில் எழுதியிருக்கும் நண்பருக்கு ஒன்று: தெருநாய்கள் குறித்த 2023ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகள் அதைத் தடுக்கவில்லை, குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து தள்ளி ஓரிடத்தைக் குடியிருப்போர் சங்கம் கலந்துபேசி ஒதுக்க வேண்டும் என்றே கூறுகின்றன. எங்கள் சங்கம் அப்படி ஓர் இடத்தைத் தேடத் தொடங்கியபோது, பலரும் முதலில் கைகாட்டியது இட்லிக்காரர் நிற்கும் மூலையைத்தான்.