அந்த போர்டில் பிழை இல்லை

கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக் கடை போர்டில் 'எங்களை பேட்ரனைஸ் செய்ததற்கு நன்றி' என்று ஆங்கிலத்தில் இருப்பதைப் படம் போட்டு, 'மட்டம் தட்டியதற்கு நன்றியாம்' என்று மேலே ஒருவர் சிரித்திருக்கிறார். 'பேட்ரனைஸ்' (patronise) என்ற சொல்லுக்கு அது ஒன்றுதான் பொருள் என்பது தவறு.

லத்தீனில் புரவலரைக் குறிக்கும் 'பட்ரோனுஸ்' வழியாக வந்த சொல் இது. அதற்கும் வேர் 'பாட்டெர்', அதாவது அப்பா. ஆதரிப்பது, வாடிக்கையாளராக இருப்பது என்ற பொருள்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. கடை, ஓட்டல் என்று வந்தால் பெரும்பாலும் இவைதான். ஓர் ஆளைச் சொல்லும்போதுதான் உஷாராக வேண்டும்.

அப்போதும் அது திட்டுவது இல்லை. ஓசூர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் மேலாளர், "அரூர் பக்கமா? பரவாயில்லையே, இங்கிலீஷ் நல்லா பேசறியேம்மா" என்கிறார் என்று வையுங்கள். பாராட்டு மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒரு படி கீழே இறக்கிவிடும். அதுதான் பேட்ரனைஸ். நேரடியாகவே குறைத்துப் பேசினால் 'பிலிட்டில்' (belittle) என்ற சொல் சரியாக இருக்கும்.

'பேட்ரனைசிங்' என்று பேச்சுத் தொனிக்கு அடைமொழியாக வந்தால் மட்டம் தட்டல்தான், சந்தேகமே வேண்டாம். போர்டு எழுதியவரை விட்டுவிடுங்கள். கொஞ்சம் பழைய பாணி ஆங்கிலம், அவ்வளவுதான்.