ராம்சேஸ் தனியாளாக ஜெயித்த கதை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா மகன் ஒரு காணொளி போட்டிருந்தான். எகிப்து மன்னன் இரண்டாம் ராம்சேஸ் கடேஷ் போரில் தன்னந்தனியாக நின்று 2,500 எதிரித் தேர்களைத் துவம்சம் செய்தானாம். பின்னணியில் பயங்கர இசை. பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. காணொளி எடுத்தவரும் புதிதாக எதையும் கட்டிவிடவில்லை. ராம்சேஸே 3,200 வருடங்களுக்கு முன்னால் கோயில் சுவர்களில் வெட்டி வைத்துவிட்டுப் போன கதை அது. இன்றும் அதை அப்படியே நம்பிப் பரப்புகிறோமே என்பதுதான் என் வருத்தம். குழுவில் நீளமாக எழுத முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கி.மு. 1274 வாக்கில் எகிப்துக்கும், இன்றைய துருக்கியை ஆண்ட ஹிட்டைட்டுகளுக்கும் நடந்த போர். கடேஷ் என்பது இன்றைய சிரியாவில், ஹோம்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில், ஒரொண்டஸ் ஆற்றங்கரையில் இருந்த கோட்டை ஊர். ராம்சேஸ் பட்டத்துக்கு வந்து ஐந்தாம் ஆண்டு. அமுன், ரா, ப்தா, சேத் என்று தெய்வங்களின் பெயரில் நான்கு படைப்பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 5,000 பேர் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். எகிப்தின் எல்லையிலிருந்து ஒரு மாதம் நடந்துதான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மன்னனும் தேர்ப்படையும் சக்கரத்தில் போனார்கள். மற்றவர்கள் ஒரு மாதமும் காலால் நடந்துதான் போனார்கள்.

வழியில் ஷாசு நாடோடிகள் இருவர் வந்து, ஹிட்டைட் மன்னன் முவத்தல்லி உங்களுக்குப் பயந்து வடக்கே அலெப்போ பக்கம் ஒதுங்கிவிட்டான் என்றார்கள். அவர்களை அனுப்பியதே முவத்தல்லிதான். ராம்சேஸ் நம்பிவிட்டான். மற்ற மூன்று பிரிவுகளும் பின்னால் வந்துகொண்டிருக்க, அமுன் பிரிவை மட்டும் கூட்டிக்கொண்டு முன்னே போய்க் கூடாரம் அடித்துவிட்டான். அப்புறம் இரண்டு ஹிட்டைட் ஒற்றர்கள் பிடிபட்டார்கள். அடித்து விசாரித்தபோது உண்மை வந்தது. மொத்தப் படையும் கடேஷுக்குப் பின்புறம் தயாராக நிற்கிறது.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. வெட்டவெளியில் வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்த ரா பிரிவின் விலாவில் ஹிட்டைட் தேர்கள் பாய்ந்தன. அந்தச் சிப்பாய்களை நினைத்துப் பாருங்கள். இடுப்பில் லினன் துணி, கையில் மாட்டுத்தோல் கேடயம், பெரும்பாலானவர்களுக்கு உடம்பில் வேறு கவசம் கிடையாது. எதிரி நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறான் என்று மேலே இருப்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள். திடீரென்று பக்கவாட்டில் குதிரைகள். அவர்கள் சிதறி ஓடினார்கள். யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. ராம்சேஸ் எழுதச் சொன்ன நீண்ட போர்க் கவிதையில் பழி முழுக்க அந்தச் சிப்பாய்கள் தலையில் விழுகிறது. என் படை என்னைக் கைவிட்டு ஓடியது, ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அமுன் தெய்வம் மட்டுமே துணை நின்றது என்கிறான் மன்னன். தேரில் கூடவே நின்ற கேடயக்காரன் மென்னா பயந்து நடுங்கினான் என்றும் எழுதி வைத்திருக்கிறான். தன்னை விட்டு ஓடாதவை என்று அவன் முதலில் புகழ்வது தேரை இழுத்த இரண்டு குதிரைகளை. அவற்றின் பெயர்கள்கூடக் கல்லில் இருக்கின்றன. ஒன்று ‘தீப்ஸில் வெற்றி’, மற்றது ‘மூத் மகிழ்ந்தாள்’ (மூத் ஒரு பெண் தெய்வம்). இனி அரண்மனையில் இருக்கும்போது தினமும் என் முன்னிலையில்தான் அவற்றுக்குத் தீனி போடவேண்டும் என்கிறான். அன்றைக்குச் செத்த ரா பிரிவுச் சிப்பாய்களில் ஒருவனுடைய பெயராவது அந்தச் சுவர்களில் இருக்கிறதா என்றால், இல்லை.

பொய்த் தகவலை நம்பி, படையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கூட்டிப்போனது யார்? ஒற்றர்களைச் சரியாக அனுப்பவில்லை என்று அதிகாரிகளையும் அவன் திட்டுகிறான், அதுவும் பதிவாகியிருக்கிறது. தன்னைப் பற்றி மட்டும் வார்த்தை இல்லை. அவனைக் காப்பாற்றியது கடற்கரை வழியாகத் தனியே வந்த நெஆரின் என்ற படை. நேரத்துக்கு வந்து ஹிட்டைட் தேர்களைப் பின்னாலிருந்து தாக்கினார்கள். இந்த விஷயம் கவிதையில் இல்லை. சிற்பத்தின் பக்கத்தில் வெட்டிய குறிப்பில் இருக்கிறது. முடிவில் கடேஷ் கோட்டை ஹிட்டைட்டுகள் கையிலேயே இருந்தது. ராம்சேஸ் ஊருக்குத் திரும்பி, கர்னக், லக்சர், ராமசேயம், அபைடாஸ், அபு சிம்பெல் என்று கோயில் கோயிலாக வெற்றிச் சிற்பம் செதுக்க வைத்தான். சுமார் 15 வருடம் கழித்து இரண்டு நாடுகளும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டன. அவன் ஆட்சியில் நான் மனதார மதிப்பது அதைத்தான். அந்த உடன்படிக்கைக்கு எத்தனை பேர் காணொளி போடுகிறார்கள்?

அந்தச் சிற்பங்களைச் செதுக்கியவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பாசறைக் காட்சியைப் பாருங்கள். கேடயங்களை நட்டு வேலி மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே சுமை இறக்கிய கழுதை ஒன்று தரையில் புரள்கிறது. படையோடு நடந்து பழகியவர் சொல்லாமல் அந்தக் கழுதை சுவருக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

என் சித்தப்பா ராணுவத்தில் இருந்தவர். சின்ன வயதில் சண்டைக் கதை சொல்லச் சொல்லி நச்சரிப்போம். அவர் சொன்னதெல்லாம் தண்ணீர், தூக்கம், காலில் வந்த கொப்புளம். அப்போது எங்களுக்குப் பெரிய ஏமாற்றமாக இருக்கும். பல வருடம் கழித்து, பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள லான்சிங் பாப்பிரஸ் என்ற எகிப்திய ஏட்டின் மொழிபெயர்ப்பைப் படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. எழுத்தர் வேலைக்குப் படிக்கும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லும் புத்திமதி அது. சிப்பாய் படும் பாட்டைக் கேள் என்று ஆரம்பிக்கிறது. ஒரு மணி நேரம் தூங்குவதற்குள் எழுப்பிவிடுவார்கள். கழுதை மாதிரி பொதி சுமந்து மலை ஏறவேண்டும். மூன்று நாளைக்கு ஒரு தரம்தான் தண்ணீர், அதுவும் நாறும், உப்புக் கரிக்கும். நோயில் உடம்பு உடைந்து கிடப்பவனைப் பார்த்து, ‘ஓடு வீரனே, நல்ல பெயர் எடு’ என்பார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருக்க, போய்ச் சேராமலே செத்துப் போவான்.

இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எழுத்தர் உத்தியோகத்தின் பெருமையைச் சொல்ல எழுதியது, சிப்பாய் பிழைப்பைக் கூடுதலாகவே மட்டம் தட்டும். ஆனால் உப்புக் கரிக்கும் தண்ணீரை யாரும் மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்ய முடியாது. போய் வந்த யாரோ ஒருவர் சொல்லியிருக்கவேண்டும்.

படையில் சேர்ந்து நன்றாக வாழ்ந்தவர்களும் உண்டு. லக்சருக்குத் தெற்கே எல் காப் என்ற ஊரில் அஹ்மோஸ் என்பவருடைய கல்லறை இருக்கிறது. தாயார் பெயரைச் சேர்த்து ‘இபானாவின் மகன் அஹ்மோஸ்’ என்பார்கள். அப்பா பார்த்த அதே வேலையில், கல்யாணம் ஆவதற்கு முன்பே, ‘காட்டெருது’ என்ற கப்பலில் சேர்ந்தவர். ராம்சேஸுக்கு முன்பு வட எகிப்தை ஆண்ட அந்நியர்களான ஹிக்சோஸ்களின் தலைநகர் அவாரிஸ் விழுந்தபோது அங்கே இருந்தார். மூன்று மன்னர்களிடம் வேலை பார்த்திருக்கிறார். சுவரில் தன் கதையை அவரே பேசுவது போல எழுதியிருக்கிறது. மன்னர் தேரில் போகும்போது நான் காலால் நடந்து பின்னால் போனேன் என்று ஒரு வரி வரும். எனக்கு ரொம்பப் பிடித்த வரி அது.

அதே சுவரில் படிக்கக் கஷ்டமான வரிகளும் உண்டு. கொன்ற எதிரியின் கையை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்கில் எழுதிக்கொண்டு வீரத்துக்கான பொன் தருவார்கள். அஹ்மோஸ் ஏழு முறை பொன் வாங்கியதாகச் சொல்கிறார். 2011-ல் அவாரிஸ் இருந்த இடத்தில், ஹிக்சோஸ் காலத்து அரண்மனையைத் தோண்டியபோது குழிகளில் வெட்டப்பட்ட வலது கைகள் கிடைத்தன, அதாவது இந்த வழக்கம் ஒரு தரப்பு மட்டும் எழுதி வைத்த கதை இல்லை. அவாரிஸில் தனக்குக் கிடைத்தது ஓர் ஆணும் மூன்று பெண்களும் என்று அஹ்மோஸ் கணக்குச் சொல்கிறார். மன்னர் அவர்களை அவருக்கே அடிமைகளாகக் கொடுத்துவிட்டார். அந்த மூன்று பெண்களைக் கடந்து அடுத்த வரிக்குப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

சிப்பாய்க்குக் கொள்ளைதான் வருமானம். இதை மறந்துவிட்டு மெகிதோ போரைப் படித்தால் தப்பாகப் புரியும். கி.மு. 1457 வாக்கில் எகிப்து மன்னன் மூன்றாம் துத்மோஸ், இன்றைய இஸ்ரேலில் உள்ள அந்த ஊரில் எதிரிகளைத் துரத்தியபோது, படையினர் கைவிடப்பட்ட பாசறையில் பொருள் அள்ளப் போய்விட்டார்கள். அதற்குள் எதிரிகள் ஊருக்குள் ஏறிக்கொண்டார்கள். கோட்டையைப் பிடிக்க ஏழு மாதம் முற்றுகை போடவேண்டி வந்தது. கர்னக் சுவரில் இதுவும் சிப்பாய்களின் குற்றமாகத்தான் பதிவாகியிருக்கிறது. பிடித்த 924 தேர்களும் 2,041 பெண் குதிரைகளும் மன்னன் கணக்கில், தன் பங்குக்காகக் குனிந்தவன் மட்டும் குற்றவாளி.

சரி, ஓடியவர்கள் என்று சுவர் சொல்கிறவர்களைப் பற்றி வேறு எங்கே தெரிந்துகொள்வது? 1923-ல் லக்சருக்கு எதிர்க்கரையில் உள்ள டெய்ர் எல் பஹ்ரியில் ஹெர்பர்ட் வின்லாக் என்ற தொல்லியலாளர் ஒரு கல்லறையைத் திறந்தார். உள்ளே லினன் துணி சுற்றிய சுமார் 60 சிப்பாய்களின் உடல்கள். ராம்சேஸ் காலத்துக்கும் பல நூறு வருடம் முந்தியவர்கள். சிலருடைய உடம்பில் அம்பு முனைகள் அப்படியே இருந்தன. மேலிருந்து பாய்ந்த அம்புகள், ஏதோ ஒரு மதிலைத் தாக்கப் போனவர்கள் போலிருக்கிறது. காயம் பட்டு விழுந்த சிலரைப் பிறகு தலையில் அடித்துக் கொன்றிருக்கிறார்கள். சில உடல்களைப் பிணந்தின்னிக் கழுகுகள் குதறியிருக்கின்றன. அப்படியென்றால் களத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்திருக்கிறார்கள்.

அப்புறம் யாரோ அவர்களை எடுத்து வந்திருக்கிறார்கள். அறுபது பேரையும் ஒன்றாக, மன்னன் ஒருவனின் கோயிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். வில்லாளிகள் நாண் பட்டுத் தோல் கிழியாமல் இருக்க மணிக்கட்டில் கட்டும் தோல் பட்டையும் அந்தக் கல்லறையில் கிடைத்தது. அக்கா மகனுக்கு இதை அனுப்பியிருக்கிறேன். காணொளியை அழிக்கச் சொல்லவில்லை, அந்தத் தோல் பட்டையின் படத்தையும் பார் என்றுதான் சொன்னேன்.