ஹசன் சபா வேறு, சினான் வேறு

"மூன்றாம் சிலுவைப்போரின்போது அலமூத்திலிருந்த ஹசன் சபா, இளைஞர்களுக்குக் கஞ்சா கொடுத்து சலாஹுத்தீனைக் கொல்ல அனுப்பினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காலக்கணக்கே உதைக்கிறதே! ஈரானின் அலமூத் மலைக்கோட்டையிலிருந்து, ஷியா முஸ்லிம்களின் ஒரு பிரிவான நிசாரி இஸ்மாயிலிகளை வழிநடத்திய ஹசன் இறந்தது 1124-இல். எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாஹுத்தீன் பிறந்ததே 1137 வாக்கில்தான்.

அவர் சொல்ல வந்தவர் ராஷிதுத்தீன் சினான். பஸ்ரா பக்கத்துக்காரர். அலமூத்தில் பயின்று, 1160-களில் சிரியாவின் நிசாரி இஸ்மாயிலிகளுக்குத் தலைவரானவர். சிலுவைப்போர்க்காரர்கள் 'மலைக்கிழவர்' என்று அஞ்சியது இவரைத்தான். சலாஹுத்தீன்மீது இவருடைய ஆட்கள் இரண்டு முறை பாய்ந்தது உண்மை. ஆனால் அது மூன்றாம் சிலுவைப்போருக்கு (1189–92) பல ஆண்டுகள் முன்பு. 1176-இல் சிரியாவின் அஸாஸ் முற்றுகையில் உடலில் அணிந்திருந்த கவசம்தான் சலாஹுத்தீனைக் காப்பாற்றியது. அதே ஆண்டு பதிலடியாக சினானின் மஸ்யாஃப் கோட்டையை வளைத்த சலாஹுத்தீன், சீக்கிரமே முற்றுகையை விலக்கிக்கொண்டார். அதன்பின் இருவருக்கும் மோதல் இல்லை. மூன்றாம் சிலுவைப்போர்க் காலத்தில் நிசாரிகளின் கத்திக்கு இரையானவர் கான்ராட் என்ற கிறிஸ்தவப் பிரபு, 1192-இல், டயர் நகரில். ஏவியவர் யார் என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை.

இளைஞர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, ஒரு தோட்டத்தைச் சொர்க்கம் என்று நம்பவைத்தார்கள் என்பது வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ பரப்பிய கதை. மங்கோலியர் அலமூத்தைப் பிடித்த 1256-இல் அவர் கைக்குழந்தை. அப்போது அங்கே நேரில் நுழைந்து நூலகத்தையே அலசிய பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி, நிசாரிகளை வாய்க்கு வந்தபடி திட்டியவர். அவர்கூட இப்படியொரு தோட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.