உங்கள் ஜாலிக்கு நாங்கள் ஏன் சாக வேண்டும்?

நாம் ஆடும் ஆன்லைன் ஷூட்டரில் நன்றாக ஆடும் நண்பர் ஒருவர் போட்ட அந்தக் கிளிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம், அவருக்கு வியூஸ் ஏற்றிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். புது அக்கவுண்ட் திறந்து, புதியவர்கள் மேட்சுக்குக் கூடும் லாபிக்குள் நுழைந்து, வெறும் கத்தியோடு ஓர் அணியையே விரட்டி விரட்டிக் குத்திவிட்டு, "ரேங்க் பார்த்துச் சமமானவர்களாக ஆள் சேர்ப்பதை நிறுத்தினால் தினமும் இப்படி ஜாலியாக ஆடலாம்" என்று மேலே ஒரு வரி. கீழே நம் ஆட்கள் வரிசையாக வந்து தீ எமோஜி. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "எதிரில் இருந்தவர்களுக்கும் ஜாலியாக இருந்ததா?"

அதற்கு வந்த பதில், "அக்கா, முதல்ல கோல்டைத் தாண்டுங்க, அப்புறம் பேசலாம்." அதற்கு எத்தனை சிரிப்பு!

சரி. தாண்டவில்லை. கோல்டு என்ற நடுத்தர ரேங்க்கிலேயே உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன், கேளுங்கள்.

ஆறுக்கு ஆறு டெத்மேட்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு கில் கிடைத்தால் இன்னொருவர் கணக்கில் ஒரு டெத் ஏறும். மேப்பிலிருந்து தவறி விழுந்து சாகிறவர்கள், தன் கிரனேடிலேயே போகிறவர்கள் என்று சிலரையும் சேர்த்தால் டெத்துகள்தான் சற்று அதிகம். ஆக, மொத்தப் பேரையும் சேர்த்துப் பார்த்தால் கே.டி., அதாவது ஒரு டெத்துக்கு எத்தனை கில் என்ற விகிதம், ஒன்றைத் தாண்டவே முடியாது. உங்களுக்கு மூன்று வேண்டும் என்றால் அந்தக் குறை பலர் தலையில் விழுந்தாக வேண்டும். யார் அந்தப் பலர்? "எல்லா மேட்சும் ஸ்வெட்டியா இருக்கு, ரிலாக்ஸா ஆட முடியல" என்று புலம்பும் ஒவ்வொரு பதிவிலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கத் தோன்றுகிறது. நீங்கள் ரிலாக்ஸாக ஆட வேண்டும் என்றால் எதிரில் இருப்பவர் உங்களைவிட மோசமாக ஆட வேண்டும். அதைத்தான் கேட்கிறீர்கள். அதை நேராகச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"சிஸ்டம் என்னை வேண்டுமென்றே பாதிக்குப் பாதி தோற்க வைக்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, உங்களுக்குச் சமமானவரோடு ஆடினால் பாதி ஜெயிப்பீர்கள், பாதி தோற்பீர்கள். அதில் சதி எங்கே இருக்கிறது? சமமாக ஆடுகிறீர்கள் என்பதற்கு அதுதானே அடையாளம். செஸ் உலகம் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. ஆட்டக்காரரின் பலத்தை எண்ணாகச் சொல்ல அர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் போட்ட கணக்கைச் சர்வதேச செஸ் கூட்டமைப்பு 1970-லேயே எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கின்படி ரேட்டிங்கில் 400 வித்தியாசம் இருந்தால், வெற்றிக்கு ஒரு புள்ளி வீதம், பதினோரு ஆட்டத்தில் ஏறக்குறைய பத்துப் புள்ளி ரேட்டிங் அதிகம் உள்ளவருக்கே போகும். அப்படிப்பட்ட ஆட்டத்தை ஆட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருவரில் ஒருவருக்கு அங்கே வேலையே இல்லை.

இப்போது அந்தப் புது அக்கவுண்ட் விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் கேமிங் சேவைக்காக மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் குழு செய்த ட்ரூஸ்கில் என்ற முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் உண்டு. இவர் திறமை இவ்வளவு இருக்கும் என்ற ஊகம் ஒன்று, அந்த ஊகத்தின் மேல் எவ்வளவு சந்தேகம் என்பது இன்னொன்று. புதிதாக வருபவருக்கு ஊகம் 25, சந்தேகம் அதில் மூன்றில் ஒரு பங்கு. சந்தேகத்தை மும்மடங்காக்கிக் கழித்துவிட்டுத்தான் பட்டியலில் இடம் கொடுக்கும் என்பதால் எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்குவார்கள். ஆட ஆடச் சந்தேகம் குறையும், ஆளுக்கேற்ற இடம் அமையும். வெவ்வேறு ஆட்டங்களில் வெவ்வேறு கணக்கு இருக்கலாம், ஆனால் அடிப்படை ஏறத்தாழ இதுதான்: புதியவரைப் பற்றி சிஸ்டத்துக்கு ஒன்றும் தெரியாது, அதனால் கொஞ்ச நேரம் அவர் சொன்னதை நம்புகிறது. ஸ்மர்ஃப் செய்கிறவர், அதாவது புது அக்கவுண்டில் ஒளிந்துகொண்டு கீழே வந்து ஆடும் கைதேர்ந்தவர், அந்த நம்பிக்கையில்தான் கை வைக்கிறார். சிஸ்டம் அவரைக் கண்டுபிடித்து மேலே தூக்குவதற்குள் கிடைக்கும் மேட்சுகள்தான் அவருடைய வேட்டை. அப்புறம் நாலு மேட்ச் வேண்டுமென்றே தோற்று மறுபடி கீழே. இதற்குப் பெயர் திறமையாம்!

என் தங்கையைப் பற்றி இங்கே முன்பு எழுதியதில்லை. எழுத வேண்டாம் என்று இருந்தேன். நான் தினமும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் அவளாகவே வந்து, "எனக்கும் சொல்லிக் குடு" என்றாள். புதிதாக ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? தரையைப் பார்த்தபடி நடப்பார்கள். மவுஸை நிமிர்த்தத் தெரியாது. ஒரு மூலையில் திரும்ப வேண்டுமென்றால் நின்று, திரும்பி, அப்புறம் மறுபடி நடப்பார்கள். அவளும் அப்படித்தான். இரண்டாவது மேட்சிலேயே ஒருவன் வந்து சேர்ந்தான். பிறந்த குழந்தை அக்கவுண்ட், ஆனால் சுவருக்குப் பின்னாலிருந்து பாதி தலை தெரிந்தால் ஹெட்ஷாட். செத்தபின் இவள் மறுபடி எழும் ஸ்பான் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே நின்றுகொண்டான். இவள் எழுவாள், சாவாள். எழுவாள், சாவாள். ஒவ்வொரு தடவையும் திரையில் விழுந்து கிடந்த அவள் உருவத்தின் மேல் கேலியாக ஏறி உட்கார்ந்து எழுந்தான். கடைசியில் சாட்டில் "அன்இன்ஸ்டால் பண்ணு" என்று எழுதினான்.

அவள் கோபப்படவில்லை. ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்து, "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது? அன்றைக்கு மூடியதுதான், அதற்கப்புறம் அவள் அந்த ஆட்டத்தைத் திறக்கவே இல்லை. "தோத்தாதான் கத்துக்க முடியும்" என்று தத்துவம் பேசுகிறவர்கள் சொல்லுங்கள், அந்த மேட்சில் அவள் எதைக் கற்றிருக்க வேண்டும்? தன்னைவிட ஒரு படி மேலே இருப்பவனிடம் தோற்றால் எங்கே விட்டோம் என்று தெரியும். பத்துப் படி மேலே இருப்பவனிடம் தோற்றால் எங்கிருந்து சுட்டான் என்றே தெரியாது.

இது என் வீட்டுக் கதை மட்டும்தான் என்பீர்களானால் வெளியே நடந்ததையும் பார்த்துவிடலாம். 2024 தொடக்கத்தில் கால் ஆஃப் டூட்டி என்ற ஷூட்டரில் ஒரு சோதனை நடத்தினார்கள். வட அமெரிக்காவில் ஒரு பகுதி ஆட்டக்காரர்களுக்கு மட்டும், திறமை பார்த்து ஆள் சேர்ப்பதைத் தளர்த்திவிட்டார்கள். என்ன நடந்தது என்பதை அதை வெளியிடும் ஆக்டிவிஷன் கம்பெனியே அந்த ஜூலையில் அறிக்கையாக வெளியிட்டது. மேலே இருக்கும் பத்து சதவீதத்தினர் அதிகமாகத் திரும்பி வந்தார்கள். மீதி 90 சதவீதத்தினர் திரும்பி வருவது குறைந்தது. மேட்ச் பாதியில் வெளியேறுவதும் கூடியது. அதாவது நம் கிளிப் நண்பர் சொல்வது உண்மைதான், அவருக்கு ஜாலியாகத்தான் இருக்கும். மற்ற ஒன்பது பேர் எழுந்து போய்விடுவார்கள். பிறகு மீதியிருக்கும் கூட்டத்தில் யார் அடிவாங்குவது என்று கேள்வி வரும். வரட்டும்.

"கம்பெனி தன் சிஸ்டத்தைப் பற்றித் தானே எழுதிய அறிக்கையை நம்புகிறீர்களா?" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம். ஆட்டத்துக்குள் இருக்கும் கடையில் பொருள் வாங்கத் தூண்டும் மாதிரி ஆள் சேர்க்கும் ஒரு முறைக்கு இதே ஆக்டிவிஷன் 2017-ல் காப்புரிமை பெற்றிருக்கிறது. எந்த ஆட்டத்திலும் அதைப் பயன்படுத்தவில்லை என்றும் சொன்னார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கும் கம்பெனிகள் மேல் பாசம் ஒன்றும் கிடையாது, கணக்கை ஒளித்து வைத்து ஆடுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் கம்பெனி மேல் இருக்கும் கோபத்தை எடுத்துக்கொண்டு போய் முந்தாநாள் ஆட வந்தவன் தலையில் இறக்குவானேன்?

பிங் (சர்வரின் பதில் வந்து சேரும் தாமதம்) ஏறுகிறது, லாபி கிடைக்க நேரமாகிறது என்பவர்களுக்கு: ஆமாம், ஆகிறது. இன்னும் கொஞ்சம் காத்திருங்கள்.

நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியவில்லை என்பதுதான் இருப்பதிலேயே சரியான குறை. எனக்கும் உண்டு. டைமண்ட் என்ற மேல் ரேங்க்கில் இருக்கும் தோழியோடு நான் ரேங்க் ஆட்டத்தில் உட்காரப் பார்த்தால் சில ஆட்டங்கள் விடாது. வேலரண்டில் ரேங்க் இடைவெளி அதிகமானால் இரண்டு மூன்று பேராகச் சேர முடியாது, ஐந்து பேராகச் சேர்ந்தால் விடும், ஆனால் கிடைக்கும் புள்ளியைக் குறைத்துவிடும். எரிச்சலாகத்தான் இருக்கிறது. அதற்காக ரேங்க்கையே எடுத்துவிடு என்று நான் கேட்டதில்லை. அவளோடு ஆட ரேங்க் இல்லாத மோட் இருக்கிறது, அங்கே போய் ஆடுகிறோம்.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லை, அப்போதுதான் உண்மையான கேமிங்" என்று இன்னொரு கோஷ்டி. 2004-ல் வந்த ஹேலோ 2 என்ற ஷூட்டரிலேயே லெவல் பார்த்து எதிரியைத் தேடித் தந்தார்கள். இவர்கள் சொல்லும் அந்தக் காலம் எது என்று எனக்குப் புரியவில்லை. இவர்கள் நன்றாக ஆடிய காலம் என்றால் புரிகிறது.

உண்மையில் என்னைக் குத்தியது அந்தக் கிளிப்கூட இல்லை. கீழே சிரித்தவர்களில் பாதிப் பேர் நான் முதல் நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள். மைக்கை ஆன் செய்து ஒரு பெண் குரல் கேட்டாலே "கிச்சனுக்குப் போ" என்று கத்தும் லாபிகளில் இத்தனை வருடம் ஆடிவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அதை எல்லாம் பொறுத்துக்கொண்டு, புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் சென்சிட்டிவிட்டி எவ்வளவு வைக்க வேண்டும், எந்தச் சத்தம் எந்தப் பக்கத்துக் காலடி என்று பொறுமையாகச் சொல்லித் தந்தேன். அப்போது யாரும் என் ரேங்க்கைக் கேட்கவில்லையே! இப்போது மட்டும் கோல்டு கண்ணில் படுகிறதா? கோல்டில் இருப்பவள் கேள்வி கேட்கக்கூடாது, சில்வரில் இருப்பவன் வாயே திறக்கக்கூடாது, புதிதாக வருபவன் வந்து செத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நல்ல சட்டம்.

"பொறாமை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். எதற்குப் பொறாமை? மவுஸை நிமிர்த்தத் தெரியாத ஒருவரைக் கத்தியால் குத்துவது எனக்கும் முடியும். அவருடைய ரேங்க்கில் இருப்பவர்கள் முன்னால் கத்தியை எடுத்து ஒரு ரவுண்ட் நிற்கட்டும், முதல் தீ எமோஜி நானே போடுகிறேன்.

ஷூட்டர் இல்லை என்றாலும் டோட்டா 2-ஐப் பார்த்துக் கற்க வேண்டியிருக்கிறது. 2023-ல் ஒரே வீச்சில் 90,000 ஸ்மர்ஃப் அக்கவுண்டுகளை அதை நடத்தும் வால்வ் கம்பெனி தூக்கியது. அவற்றை யாருடைய மெயின் அக்கவுண்ட் என்பது வரை தேடிப் பிடித்திருக்கிறோம், இனிமேல் செய்தால் மெயினுக்கும் தண்டனை உண்டு என்றது. புது அக்கவுண்ட் போனால் யாருக்கும் வலிக்காது. வருடக்கணக்கில் சேர்த்த ஸ்கின் அலங்காரங்களோடு மெயின் போகும் என்றால் வலிக்கும். நாம் ஆடும் ஆட்டத்திலும் இதைக் கொண்டுவரச் சொல்லி ரிப்போர்ட் பட்டனை அழுத்துங்கள். சிரித்த விரல் அதற்கும் பயன்படும்.

கமெண்டில் "ஓவரா எமோஷனல் ஆகாதீங்க அக்கா" என்று எழுத வருபவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், நீக்க மாட்டேன். ரேங்க் கேட்பவர்களை மட்டும் பிளாக் செய்வேன்.

இந்தச் சனிக்கிழமை இரவு கஸ்டம் லாபி போடுகிறேன், ஒன்பது மணிக்கு. புதிதாக ஆடுகிறவர்களுக்குத் தனி மேட்ச், பழையவர்களுக்குத் தனி மேட்ச் என்று பிரித்துத்தான் போடுவேன். கிளிப் நண்பரும் வரலாம், அழைப்பு அனுப்பியாகிவிட்டது. மெயின் அக்கவுண்டுக்கு.