பாத் நகரத்துப் 'பிறை அரண்மனை': அரசர் கட்டியதா?

பிறைநிலா வடிவத்தில் தூண்கள் வரிசைகட்டி நிற்கும் கட்டடப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 'இங்கிலாந்து மன்னர் பாத் நகரில் கட்டிய அரண்மனை, உள்ளே எல்லாம் ஒரே அச்சு' என்கிறது கூடவே வரும் குறிப்பு. படம் அசல்தான், குறிப்புதான் தவறு.

அது ராயல் கிரெசென்ட். 1767 முதல் 1775 வரை கட்டப்பட்ட, ஒட்டினாற்போல் நிற்கும் 30 வீடுகள். வடிவமைத்தவர் இளைய ஜான் வுட். முதலில் வெறும் 'கிரெசென்ட்' (பிறை) என்றுதான் பெயர். மன்னரின் மகன் ஃபிரெடெரிக் அங்கே தங்கிய பிறகுதான் 'ராயல்' ஒட்டிக்கொண்டது.

'ஒரே அச்சு' என்பது இன்னும் வேடிக்கை. வுட் முகப்பை மட்டும்தான் கறாராக வைத்தார்: அயோனிக் என்ற பழைய கிரேக்கப் பாணியில் 114 தூண்கள், உள்ளூர்ச் சுரங்கத்துத் தேன்நிறச் சுண்ணாம்புக்கல். வாங்கியவர்கள் முகப்பில் ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு, பின்னால் தங்கள் கட்டடக்கலைஞரை வைத்து இஷ்டப்படி வீடு கட்டிக்கொண்டார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். ஒரு வீட்டின் கூரை ஏறியிருக்கும், அடுத்தது இறங்கியிருக்கும். ஒன்றின் சுவர் முன்னே துருத்தும், இன்னொன்றில் ஜன்னல் கோணலான இடத்தில் இருக்கும். எனக்கென்னவோ முகப்பைவிட அந்தப் பின்பக்கம்தான் பிடிக்கிறது.

இப்போது 1ஆம் எண் வீடு அருங்காட்சியகம், நடுவில் ஒரு ஹோட்டல். மற்றவற்றில் பலவும் குடியிருப்புகள்தான்.