தவில் இரைச்சல் அல்ல

அண்மையில் உறவினர் வீட்டுக் கலியாணம் ஒன்றில், எனக்கு உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பித்த ஆசிரியரைக் கண்டேன். எண்பதைக் கடந்துவிட்டார். என் கையைப் பிடித்து அருகில் இருத்திக்கொண்டு, "இப்போது எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறீர்?" என்று கேட்டார். "பல்கலைக்கழகத்தில் இல்லை சேர். தொலைபேசிகளுக்கு ஒலி மென்பொருள் செய்யும் நிறுவனமொன்றில் 2014இலிருந்து வேலை செய்கிறேன்" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியென்றால் பௌதிகவியலை விட்டுவிட்டீர்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னார்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கெட்டிமேளம் முழங்கிவிட்டது. சாப்பாடு முடிந்ததும் சேரை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அன்று சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். அவருடைய பேரப்பிள்ளைகள் யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டினால் மகிழ்வேன்.

யாழ்ப்பாணத்தில் படிப்புக்கு ஓர் ஏணி உண்டு. விரிவுரையாளர், கலாநிதி, பேராசிரியர் என்று அதன் படிகள் எல்லாருக்கும் தெரியும். அதில் ஏறி நின்றவர்கள் கைகொடுத்ததால்தான் நானும் படித்தேன். அந்த ஏணியில் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் அதிலிருந்து இறங்கியவன் அறிவியலிலிருந்தும் இறங்கிவிட்டான் என்று நினைக்கிறோமே, அது தவறு. அந்த நினைப்பால் நாம் இழந்துகொண்டிருப்பது என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எனக்குப் பத்து வயது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை டயரில் சாய்த்து, பெடலைக் கையால் சுற்றுவோம். சுற்றுவது என் பொறுப்பு. வேகமாகச் சுற்றினால் வானொலிக்குள் ஒரு முனகல் எழுந்து செய்தியை விழுங்கும். கை தளர்ந்தால் குரல் அமுங்கிப்போகும். அப்பப்பா வானொலியோடு காதை ஒட்டிவைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் அசைப்பார். மெதுவாக, ஒரே சீராக என்று அர்த்தம்.

ஒருநாள் எங்கள் ஒழுங்கையில் வானொலி திருத்தும் அண்ணர் ஒருவர் வந்தார். பழுதான பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய நான்கு இருவாயிகளும் (டயோட்), பெருவிரல் பருமனில் ஒரு கொள்ளளவியும் (கப்பாசிற்றர்) அவர் கையில் இருந்தன. அடுப்புத் தணலில் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அதனால் ஈயத்தை உருக்கி, டைனமோவுக்கும் வானொலிக்கும் இடையில் அவற்றைப் பற்றாசு பிடித்தார். பிறகு சுற்றச் சொன்னார். சுற்றினேன். முனகல் அடங்கியிருந்தது. குரல் மட்டும் வந்தது. அப்பப்பா அன்றுதான் வானொலியிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தார்.

டைனமோ தருவது ஆடலோட்டம், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின். இருவாயிகள் அதை ஒரு பக்கமாகத் திருப்புகின்றன; கொள்ளளவி மேடுகளில் நிரம்பி, பள்ளங்களில் வடிந்து அதைச் சமன்செய்கிறது. இதையெல்லாம் பின்னாளில் சேர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். நான் முதலில் கற்றது அந்தத் தணலருகில். இரைச்சலை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் விடுவது என் இன்றைய வேலை. அது அன்றே தொடங்கிவிட்டது.

திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றேன். பின்னர் ஜேர்மனியில் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது, மெல்லிய உலோகப் படலங்களில் எழும் மின் இரைச்சலை மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அளக்கும் ஆய்வு. மாதிரியைத் திரவ ஈலியத்தில், அதாவது ஏறத்தாழ 4 கெல்வினில் அமிழ்த்திவிட்டு, இரவிரவாகத் திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மின்சுற்றிலுள்ள எந்தத் தடையிலும், அதில் கொஞ்சமாவது வெப்பம் இருக்கும்வரை, இலத்திரன்கள் அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவு மின்னழுத்தமாக வெளியே தெரியும். இதை அளந்து 1928இல் எழுதியவர் ஜோன்சன்; அதற்குக் காரணம் காட்டியவர் நைகுவிஸ்ட். இருவரும் சம்பளம் வாங்கியது அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில். உலகம் முழுவதும் பௌதிகவியல் மாணவர்கள் படிக்கும் ஒரு விதி, மனிதர்கள் தூர இருந்து பேசிக்கொள்வதற்காக உழைத்த இடத்தில் கண்டறியப்பட்டது.

அதே நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த பெல் ஆய்வுகூடத்தில்தான் 1964இல் பென்சியாசும் வில்சனும் ஓர் அன்ரனாவில் நீங்காத சீறலைக் கேட்டார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் சீறல் இருந்தது. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைத் துரத்தி, எச்சத்தைத் துடைத்துப் பார்த்தும் போகவில்லை. கடைசியில் அது பேரண்டத்தின் இளமைக் காலத்திலிருந்து எஞ்சிய கதிர்வீச்சு என்று தெரிந்தது. 1978இல் அதற்கு நோபல் பரிசு. இரைச்சல் என்று நாம் தள்ளுவது எதுவென்பதை, நாம் எதைக் கேட்க வந்தோம் என்பதுதான் தீர்மானிக்கிறது. இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விடயமாகவே பல காலம் இருந்தது.

உறைத்தது 2012இல், யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் தேரன்று. நான் ஆய்வுகூடத்தில் இருந்தேன். அம்மா வீதியில் நின்றுகொண்டு இணையவழி அழைப்பில் வந்தார். "தம்பி, தேர் இருப்பிடத்திலிருந்து வெளிக்கிட்டுவிட்டது. கேள்" என்று சொல்லிக் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தார். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வை ஒன்று எழுந்தது. ஒரு விநாடி இருக்கும். பிறகு கிணற்றுக்குள் அமிழ்வதுபோல் கீழே போய் இல்லாமலாகிவிட்டது. தவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டுப்பட்டது. பின்னர் முழு அமைதி. அந்த அமைதிக்குள்ளிருந்து அம்மாவின் குரல், பக்கத்தில் நிற்பதுபோல் தெளிவாக வந்தது. "கேட்கிறதா தம்பி?"

கேட்கிறது அம்மா என்று பொய் சொன்னேன்.

லைன் சரியில்லை என்று அம்மா நினைத்திருப்பார். லைனில் ஒரு குறையும் இல்லை. அந்த மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்தது. மாறாமல் நீடிப்பது இரைச்சல், விட்டுவிட்டு மாறுவது பேச்சு என்பதுதான் அந்தக் காலத்து இரைச்சல் நீக்கிகளின் அடிப்படைக் கணிப்பு. மின்விசிறிக்கும் கார் இயந்திரத்துக்கும் அது பொருந்தும். நாதஸ்வரத்தின் கார்வை அந்தக் கணக்கில் மின்விசிறியோடு சேர்ந்துவிடுகிறது. எனக்கு அந்தச் சமன்பாடுகள் தெரியும். ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு நாளும் அவற்றைத்தான் பயன்படுத்தினேன். என் மேசையில் இருந்த கணிதம், என் அம்மாவின் கையில் நல்லூரை ஊமையாக்கியது. அன்றிரவு அளவீடு எதையும் எடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து வேலை மாறினேன். பணத்துக்காகப் போனான் என்று சொன்னவர்கள் உண்டு. சம்பளம் கூடியது உண்மை. வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம் நீளுமா என்று காத்திருந்து எனக்குக் களைத்துவிட்டது என்பதும் உண்மை. ஆனால் நான் விண்ணப்பித்தது ஒரேயொரு இடத்துக்கு. அழைப்புகளில் எதை வைத்திருப்பது, எதை எறிவது என்று முடிவெடுக்கும் குழு அது.

இந்தப் பாதையில் நான் முதல் ஆள் இல்லை. எண்பதுகளில் எங்கள் வீட்டில், மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த இரட்டைக் கசற் செற் ஒன்று இருந்தது. அதில் டொல்பி என்று எழுதிய பொத்தான். அது ஏதோ யப்பான் கம்பனியின் பெயர் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ரே டொல்பி ஒரு பௌதிகவியலாளர். நீண்ட அலைநீள எக்ஸ் கதிர்களை ஆராய்ந்து 1961இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஐக்கிய நாடுகள் சபையின் ஆலோசகராக இரண்டு வருடம் இந்தியாவில் இருந்துவிட்டு, 1965இல் லண்டனில் சொந்த ஆய்வுகூடம் தொடங்கினார். ஒலிநாடாவின் காந்தத் துகள்களால் எழும் சீறலைக் குறைப்பது அவர் எடுத்துக்கொண்ட வேலை. பதிவுசெய்யும்போது மெல்லிய, உயர்ந்த மீடிறன் (அதிர்வெண்) ஒலிகளை உயர்த்திவைக்க வேண்டும். திரும்பக் கேட்கும்போது அதே அளவு தாழ்த்த வேண்டும். நடுவில் நாடா சேர்த்த சீறலும் கூடவே தாழ்ந்துவிடும். எவ்வளவு அழகான யோசனை!

அப்பாவிடம் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் கசற் ஒன்று இருந்தது. கோயில் வீதியில் யாரோ சாதாரண றெக்கோடரில் பிடித்தது. டொல்பி முறையில் பதியாதது. அந்தப் பொத்தானை அமுக்கினால் சீறல் குறையும். ஆனால் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் விரற்கூட்டின் கூர்மையும் கூடவே மழுங்கும். அப்பா அந்தக் கசற்றுக்கு மட்டும் பொத்தானை அமுக்க விடமாட்டார். "சீறினால் சீறட்டும். அடி கேட்க வேண்டும்" என்பார். ஒலிப் பொறியியலில் நான் அறிந்த அளவில், அதைவிடச் சரியான வாக்கியத்தை எவரும் எனக்குச் சொன்னதில்லை.

எம்.பி.3இன் கதையும் இதே இடத்தில்தான் வந்து முட்டுகிறது. இசை இறுவட்டில் (சீ.டி.) ஒரு விநாடி ஒலிக்கு ஏறத்தாழ 14 இலட்சம் பிற்றுகள், அதாவது 0, 1 இலக்கங்கள், வேண்டும். உரத்த ஒலி ஒன்று தன்னருகே உள்ள மெல்லிய ஒலியைக் காதுக்கு மறைத்துவிடும் என்பதைக் கொண்டு, ஜேர்மன் பொறியியலாளர் பிரான்டன்பேர்க்கும் அவருடைய குழுவும் அதைப் பதினொன்றில் ஒரு பங்குக்குக்கூடக் குறைத்துக் காட்டினார்கள். கேட்காததை எறிந்தார்கள். கேட்காதது எது என்று எப்படித் தெரியும்? கேட்டுப் பார்த்துத்தான். சுசான் வேகா என்ற அமெரிக்கப் பாடகியின் பக்கவாத்தியமில்லாத குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அது சிதையாமல் வரும்வரை பிரான்டன்பேர்க் திருத்தினார். திடீரென விழும் அடிகளுக்கு ஸ்பானிய மரச் சிப்பிகளான காஸ்டனெட்டுகளை வைத்துச் சோதித்தார்கள். நல்ல தெரிவுகள்தாம். தவிலை வைத்துச் சோதிக்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை. அந்தக் கோப்புகளுக்கு எம்.பி.3 என்ற பெயரை அவர்கள் முடிவுசெய்தது 1995 யூலையில். அதே வருடம் ஒக்டோபர் 30இல் நாங்கள் போரால் இடம்பெயர்ந்து, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்துகொண்டிருந்தோம். அப்பாவின் கசற்றுகள் வீட்டிலேயே நின்றுவிட்டன.

இன்றைய முறை வேறு. உதாரணங்களிலிருந்து தாமே பழகும் கணினி நிரல்களான நரம்பு வலைப்பின்னல்களுக்கு ஒரு பக்கம் சுத்தமான பேச்சையும், மறுபக்கம் இரைச்சல் என்று பெயரிட்ட கோப்புகளையும் கலந்து கொடுத்துப் பிரித்துப் பழக்குகிறோம். சில வருடங்களுக்கு முன்னர் ஒருநாள், அந்த இரைச்சல் கோப்புறையை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். வீதி வேலை, நாய், சமையலறை, விமான நிலையம். அடுத்தது "கோயில், ஆசியா". திறந்தேன். நாதஸ்வரமும் தவிலும்.

அதை அங்கே போட்டவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் காதில் அது தெருச் சத்தம். ஆனால் அந்தக் கோப்பில் பழகிய மென்பொருள் எத்தனையோ தாய்மாரின் கையில் அந்த ஒலியை அணைக்கும். அதை வெளியே எடுக்க மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. நிறமாலைகளைக் காட்டினேன், அளவீடுகளைக் காட்டினேன். மூன்றாவது கூட்டத்தில் நல்லூர் அழைப்பைப் பற்றிச் சொன்னேன். கோப்பு எடுக்கப்பட்டது. இணுவிலில் நானே சென்று பதிந்த தவிலும் நாதஸ்வரமும் இப்போது காக்கவேண்டிய ஒலிகளின் சோதனைத் தொகுப்பில் இருக்கின்றன.

அந்த அறையில் நான் இல்லாதிருந்தால் யார் சொல்லியிருப்பார்கள், சேர்? இதைத்தான் கலியாண வீட்டில் உங்களிடம் கேட்க நினைத்தேன்.

இழந்தவையும் உண்டு. கண்டுபிடித்ததை உடனே எழுதி வெளியிட முடியாது. ஒரு வருடம் உழைத்ததைச் சந்தை இல்லையென்று ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் நிறுத்திவிடுவார்கள். பயன் இருக்கிறதோ இல்லையோ ஒரு கேள்வியின் பின்னால் ஐந்து வருடம் போகும் சுதந்திரம் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்த ஈலியக் கலத்தின் அருகிலிருந்த இரவுகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. எல்லாரும் பல்கலைக்கழகத்தை விட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் வந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பவர் யார்?

ஆனால் சென்ற வாரம் திருநெல்வேலியிலிருந்து இறுதி வருட மாணவி ஒருவர் கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். (அம்மாவோடு இருப்பதற்காக நான் இப்போது இங்கிருந்துதான் வேலை செய்கிறேன்.) ஒளியியலில் கெட்டிக்காரி. கைத்தொலைபேசிக் கமராக்களின் உணரிகளில் வேலை செய்ய ஆசை. வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறதாம். "சிறப்புப் பட்டம் எடுத்துவிட்டுப் போன் கம்பனிக்கா போகப்போகிறாய்" என்பார்களாம். கமராவில் ஒளியை மின்னாக மாற்றிய முதல் சில்லுகளில் ஒன்று, 1969இல் பொயிலும் ஸ்மித்தும் உருவாக்கியது, அவர்களுக்கு 2009இல் பௌதிகவியல் நோபல் பரிசைத் தந்தது என்று வீட்டில் சொல்லுங்கள் என்றேன். இன்னொன்றையும் சொன்னேன். எங்கள் தோலின் நிறத்தைக் கமரா எப்படிக் காட்ட வேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையிலும் ஓர் இடம் இருக்கிறது. பிள்ளை அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டது.

இந்த முறை தேரன்று அம்மாவின் தொலைபேசியிலும், ரொறன்ரோவில் இருக்கும் தம்பியின் தொலைபேசியிலும் எங்கள் புதிய பரிசோதனை மென்பொருளைப் போட்டிருந்தேன். வெயில் ஏறும் முன்பே போய் வீதியில் நின்றோம். அரோகரா ஓசைக்குள் தேர் அசைந்ததும் அம்மா பழையபடி கையை உயர்த்தினார். வயது போய்விட்டதால் கை நடுங்கியது. முழங்கையை நான் தாங்கிக்கொண்டேன்.

"தவில் நன்றாகக் கேட்கிறது. நாதஸ்வரமும் வருகிறது" என்றான் தம்பி. சற்றுப் பொறுத்து, "பின்னால் சுருதி ஒன்று ஓடுமே, அது மட்டும் இரண்டு விநாடியில் மங்கிப்போகிறது" என்றான்.

அம்மாவை நிழலில் இருத்திவிட்டு, நேரத்தையும் நின்ற இடத்தையும் குறித்துக்கொண்டேன். அந்தப் பதிவு இப்போது என் கணினியில் திறந்திருக்கிறது. சுருதி எந்த இடத்தில் விழுகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.