ககியா, ககியா?
குறில் நெடில் தெரிந்த தமிழருக்கு ஜப்பானிய உச்சரிப்பு தானாக வந்துவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. ஒஜிஸன் என்றால் மாமா, ஒஜீஸன் என்றால் தாத்தா. இதில் நமக்குச் சிக்கலே இல்லை. இடையில் வரும் ஒற்றை ககரத்தில்தான் நான் மாட்டினேன்: தமிழில் அது g போல மெலிந்து ஒலிக்கும், ஜப்பானியத்திலோ k வேறு, g வேறு. முதல் வாரம் நோட்டில் எல்லாவற்றையும் தமிழில் எழுதிவைத்திருந்தேன். சாவிக்கும் (kagi) 'ககி', தக்காளி போல இருக்கும் அந்த ஆரஞ்சு நிறப் பழத்துக்கும் (kaki) 'ககி'. ஜப்பானிய எழுத்தில் சாவிக்கு இரண்டு புள்ளி கூடுதல், பழத்துக்குக் கிடையாது. கடையில் பழம் கேட்டபோது, சாவி தொலைந்துவிட்டதா என்று அந்த அம்மா பரிதாபமாகக் கேட்டார். சரி, அழுத்திச் சொல்லலாம் என்று பார்த்தால் 'கக்கி' ஆகிவிடுகிறது, அதுவும் தப்பு. அதனால்தான், தமிழில் எழுதிப் படியுங்கள் என்று அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்தில் ஒருவர் சொல்லியிருக்கும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். டோக்கியோவையே பாருங்கள்: அவர்கள் வாயில் அது தோ-ஓ-க்யோ-ஓ, நான்கு சம தட்டு. இல்லாத 'க்'கை நாம் சேர்த்துவிடுகிறோம். ஜப்பானியரின் அடிப்படை எழுத்துமுறையான ஹிராகனா 46 எழுத்துதான், அதையே முதலில் படித்துவிடலாம்.